ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்: கொங்கு முகாமில் ஒரு குடியுரிமைக் கோப்பு

கொங்குப் பகுதியில் புது ஆளைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி "எந்த ஊருங்க?" என்பதுதான். பவானிசாகர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்விக்குக் குறைந்தது நான்கு விடை இருக்கும். தாத்தாவின் முன்னோர் புறப்பட்டுப் போன ராசிபுரம் பக்கத்துக் கிராமம், அப்பா பிறந்த இலங்கை மலையகத்து அட்டன் தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கலவரத்துக்குத் தப்பி ஒதுங்கிய வவுனியா, நாற்பது ஆண்டாக உலை வைக்கும் பவானிசாகர். நான்குமே உண்மை. சட்டம் அவற்றில் ஒன்றைத்தான் கேட்கும். அந்த ஒன்றுக்கும் தாள் கேட்கும்.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் ஒரு மாதிரிக் குடும்பம். முகாம் குடும்பங்களில் அடிக்கடி தலைகாட்டும் சிக்கல்களை ஒரே வீட்டுக்குள் கோத்திருக்கிறோம். பிறந்த தேதிகளைச் சட்டப் பிரிவுகள் விளங்கும்படி அமைத்திருக்கிறோம். ஒப்பந்தம், சட்டம், தீர்ப்பு என்று வருபவை எல்லாம் நடந்தவை.

முகாம்களில் நெடுநாளாக ஒரு விவாதம் உண்டு. இலங்கைக்குத் திரும்புவதா, இங்கேயே குடியுரிமை கேட்பதா? குடும்பம் முழுவதற்கும் ஒரே விடை தேடுவதால்தான் இந்த விவாதம் முடிவதில்லை என்பது எங்கள் கருத்து. சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஆளையும் அவர் பிறந்த நாளையும்தான் பார்க்கிறது. ஆகவே கோப்பும் ஆளுக்கு ஒன்றாகத்தான் கட்ட வேண்டும். இரண்டு கரைத் தாள்களையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

தாத்தாவின் மூன்று பிள்ளைகள்

சேலம், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிய காலத்தில் தாத்தாவின் முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அடையாளத்துக்கு அவர்களுக்குத் தரப்பட்டது தகரத் துண்டு. மண்டபத்தில் அவர்களைத் தடுத்து நிறுத்தி, நோய் சோதித்து, கப்பல் ஏற்றினார்கள். பிற்பாடு 1983 இனக்கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களைப் பதிவு செய்ததும் அதே மண்டபம் முகாமில்தான். மூன்று தலைமுறைக்கு முன்னே போனவரின் பெயரும், திரும்பி வந்த பேரனின் பெயரும் ஒரே ஊர்ப் பதிவில் ஏறியிருக்கின்றன. கோப்பு கட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. அந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளின் சான்றிதழில் பெரும்பாலும் அது காலி. அந்தக் காலிக் கட்டம்தான் ஒரு சமூகத்தின் வாக்குரிமையைப் பறித்தது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1968 மே முதல் 1970 ஏப்ரல் வரை விண்ணப்பம் வாங்கியபோது சிலர் இந்தியக் குடியுரிமை கேட்டார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் அதைவிட அதிகம். ஒப்பந்தத்தின் கணக்கும் மக்களின் விருப்பமும் தலைகீழாக இருந்தன.

மாதிரிக் குடும்பத்தின் தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். 1946இல் பிறந்த மூத்த மகன் தனியாக விண்ணப்பித்து, இந்தியக் கடவுச்சீட்டுடன் 1975இல் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேசுவரம் வந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தில், பிற்பாடு டான்டீ என்றானதில், கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்தது. அவர் இந்தியக் குடிமகன். ஊர்க்காரர்கள் வாயில் 'சிலோன்காரர்'. 1949இல் பிறந்த மகள் வவுனியாவில் கட்டிக்கொடுக்கப்பட்டு, எந்த விண்ணப்பமும் போடாமல் அங்கேயே இருந்துவிட்டார். 1955இல் பிறந்த கடைசி மகன் அப்போது சிறுவன் என்பதால், தாத்தாவின் இந்திய விண்ணப்பத்திலேயே அவர் பெயரும் சேர்ந்திருந்தது. கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் தாத்தா இறந்துபோனார், 1983 வந்தது, 1984இல் கப்பல் நின்றது. கடைசி மகன் மனைவியுடன் 1984 அக்டோபரில் படகில் வந்து மண்டபத்தில் அகதியாகப் பதிந்தார்.

அண்ணன் கோத்தகிரியில் வாக்காளர், தம்பி பவானிசாகரில் அகதி. மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறினால் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடும் தூரம்தான் இடையில். ஆனாலும் முகாமில் பதிவு எடுக்கும் நாளில் தம்பி அண்ணன் வீட்டுத் துக்கத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

ஒரு வீட்டுக்குள் ஓடும் கோடு

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. முகாமில் எல்லாரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியவை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்று அங்கே கேள்வியில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே என்றால் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த அயல்நாட்டவர் என்பதே அந்தச் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள். உயிர் பிழைக்கப் படகேறியவரிடம் கடவுச்சீட்டு ஏது?

இந்தக் கோடு மாதிரி வீட்டுக்குள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தம்பியின் மகள் 1985 ஜனவரியில் மண்டபத்தில் பிறந்தவர். ஆகவே அவர் இந்தியக் குடிமகள். முகாம் அட்டையில் அகதி என்று எழுதியிருப்பதால் அது மாறாது. தம்பியின் மகன் 1991இல் சத்தியமங்கலம் அரசு மருத்துவமனையில் பிறந்தவர். அவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தாக வேண்டும். இங்கேதான் தாத்தாவின் பழைய விண்ணப்பம் உயிர் பெறுகிறது. கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் தாத்தாவைக் குடிமகனாகப் பதிந்து, சிறுவனான மகனையும் அதில் சேர்த்திருந்தால், படகில் வந்த தம்பி இந்தியக் குடிமகன் என்றே வாதிட இடமுண்டு. அது நிலைநாட்டப்பட்டால் 1991இல் பிறந்த மகனும் அதே மூச்சில் குடிமகன். ஒரு தாள் கிடைத்தால் இரண்டு பேர் கரையேறுகிறார்கள்.

மகள் 2003இல் முகாமிலேயே ஒருவரைக் கட்டிக்கொண்டார். கணவர் 1990இல் படகில் வந்தவர். முதல் குழந்தை 2004 ஆகஸ்டில் பிறந்தது. தாய் குடிமகள் என்பதால் அதுவும் குடிமகள். இரண்டாவது பையன் 2009 மார்ச்சில் பிறந்தான். தாய் அதே தாய், மருத்துவமனைகூட அதே மருத்துவமனை. ஆனால் தகப்பன் கடவுச்சீட்டின்றி வந்தவர் என்பதால் பையன் குடிமகன் அல்ல. அக்காளுக்கு ஒரு நாடு உண்டு, தம்பிக்கு இல்லை. இந்தியக் குடிமகளை மணந்து ஏழாண்டு இங்கே வாழ்ந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்க 5ஆம் பிரிவில் வழியிருக்கிறது. ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்' என்ற சொற்கள் அந்தக் கணவருக்கு முன்னால் கதவைச் சாத்திவிடுகின்றன.

தாள் தேடும் வேலை

முதல் வேலை விண்ணப்பம் எழுதுவது அல்ல. மூன்று தலைமுறைக்கு ஒரு குடும்ப அட்டவணை போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த நாள், இடம் மூன்றும் எந்தெந்தத் தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று, பிழையைத் திருத்தாமல், அப்படியே பெயர்த்து எழுத வேண்டும். 'ராமையா' ஒரு தாளில் 'ராமய்யா' ஆகியிருப்பார். தந்தை பெயரே மகனின் பெயராக ஏறியிருக்கும். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும், பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதம் இருக்கும். அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன் இந்த முரண்களை நாமே கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் உறுதிமொழிப் பத்திரமோ திருத்தமோ தயாராக வைத்திருப்பதில்தான் கோப்பின் பாதி பலம். ஆதாரும் முகாம் அட்டையும் குடியுரிமைச் சான்று அல்ல. இங்கே வசித்ததைக் காட்ட மட்டும் உதவும்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை இங்கிருந்து எடுக்க முடியாமல் திணறுகிறவர்கள் பெரும்பாலும் 'நுவரெலியா மாவட்டம்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தேடுகிறவருக்குத் தோட்டத்தின் பெயர், அதற்குள் எந்த டிவிஷன், பதிவாளர் பிரிவு, பிறந்த ஆண்டு எல்லாம் வேண்டும். தோட்டத்துப் பிறப்புகளைத் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், அலுவலகம்தான் பதிவுக்கு அனுப்பியது. ஆகவே தோட்டத்தின் பெயர் பிசகினால் தேடல் மொத்தமும் பிசகும். அங்கே இருக்கும் உறவினர் பிரதேச செயலகத்தில் நேரில் போய்க் கேட்பதே விரைவான வழி. வவுனியா அத்தையின் வேலை இங்கே தொடங்குகிறது. கோத்தகிரிப் பெரியப்பாவின் வேலை வேறு: 1975இல் அவர் கொண்டுவந்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் தாத்தாவின் பெயரையும் விண்ணப்ப விவரத்தையும் காட்டும். அவற்றின் நகல் தம்பியின் கோப்பில் இருந்தாக வேண்டும். பழைய கடவுச்சீட்டுகளைப் பரணில் கறையான் தின்ன விட்ட வீடுகள் நீலகிரியில் நிறைய உண்டு. முதலில் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள்.

இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் கட்டணமில்லாமல் நடக்கும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் 15 ஆண்டு வரை சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை தருவதில்லை என்று சொல்லி அதை அலட்சியம் செய்வது பெரிய தவறு. 1985 ஜனவரி என்ற தேதியையும் மண்டபம் என்ற இடத்தையும் அதுதானே நிரூபிக்கிறது.

அடுத்து, வரிசை. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களே இதில் தவறிழைக்கிறார்கள். இலங்கைக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிந்தால் இலங்கையின் வம்சாவளிக் குடியுரிமை கிடைக்கும். ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் அனுமதி உண்டு. 2003இலிருந்து தாய் வழியாகவும் இது செல்லும். நாடு திரும்ப நினைக்கும் குடும்பத்துக்கு இது உயிர்நாடி. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் படிவம் நிரப்புவது ஆபத்து. இந்தியக் குடிமகன் தானாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது 9ஆம் பிரிவு. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தாலே அது முடிவான சான்று என்று விதிகள் கொள்கின்றன. 1985இல் பிறந்த மகள், தான் இந்தியக் குடிமகள் என்பதே தெரியாமல் இலங்கைக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டால், கையில் இருந்ததைத் தானே கொடுத்தவராவார். ஆகவே 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவரின் பெயர் தூதரகப் பட்டியலில் சேரக் கூடாது. தகப்பனின் கண்டித் தாள் என்னவென்று தெரியும்வரை அவரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

மற்றொரு பொறி வாக்காளர் அட்டை. தேர்தல் நேரத்தில் யாராவது வந்து "பேரைச் சேர்த்துக்கலாமுங்க" என்பார்கள். குடிமகன் என்று பொய்யாக உறுதி கூறுவது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதைவிடப் பெரிய சேதம், பின்னாளில் உண்மையான உரிமையைக் கேட்டுப் போகும்போது 'ஏற்கெனவே ஏமாற்றியவர்' என்று கோப்பில் ஏறிவிடுவது.

இரு கரையிலும் நடந்தவை

அரசுகள் தாமாக இறங்கிவந்து எதையும் தரவில்லை. 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களுக்குள் பிறப்புப் பதிவு, கல்வி, நாடு திரும்புவதற்கான தாள்கள் என்று அகதிகளைக் கொண்டே அகதிகளுக்கு வேலை செய்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்று, தன் கட்சியிலிருந்தே பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் அவர். சட்டம் இயற்றிய மன்றத்தில் தகப்பன் நின்றார். அதன் விளைவைச் சுமந்தவர்களின் குடிசை வாசலில் மகன் நின்றார்.

இலங்கையில் தோட்டத் தொழிற்சங்கங்களின் நெடிய அழுத்தத்தால் 2003இல் ஒரு சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழிவந்தவர்களும் ஓர் உறுதிமொழி தந்தாலே குடிமக்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்குத் தனிப் படிவம். தொண்டர்கள் தோட்டம் தோட்டமாக முகாமிட, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையுடன் 10 நாளில் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். வவுனியா அத்தையும் அந்த வழியில் வந்தவரே. ஐம்பத்தைந்து ஆண்டு அடைத்துக் கிடந்த வழி, ஆவணச் சுமை எடுபட்டதும் பத்தே நாளில் திறந்தது. முகாம்களின் அனுபவத்தில் இதைவிடப் பெரிய பாடம் எங்களுக்குத் தெரியாது. போரால் பெயர்ந்து இந்திய முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழருக்கு அங்கே வசித்த கால நிபந்தனை தடையாக நின்றது. 2009இல் வந்த திருத்தம் அதை நீக்கியது.

இந்தியப் பக்கம் வேலை நீதிமன்றத்தில் நடந்தது. மலையக வம்சாவளியைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் ஆட்சியர் வழியாகப் புதிதாக விண்ணப்பிக்கவும், ஒன்றிய அரசு அவற்றைப் பரிசீலித்து முடிவெடுக்கவும் உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ மூன்று நாடுகளை மட்டும் பெயர் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2021 செப்டம்பர் 8இல் தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2022இல், மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு முகாம் பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தர மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மாதிரிக் குடும்பத்தின் மகள் பற்றி மேலே சொன்னதற்கு இந்த வழக்கே துணை.

2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. நாடு திரும்பும் வேளையில் பயம் குறையும்; நல்லது. ஆனால் குடியுரிமை தருவதாக அந்த ஆணை சொல்லவில்லை. முகாம்களில் சிலர் அப்படிப் புரிந்துகொண்டு பேசுவதை உடனே திருத்த வேண்டும்.

முகாமில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் தெருவிளக்கு, கழிப்பறை, குடிநீர் என்று முகாம் குழுவும் மகளிர் குழுக்களும் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டமும் 7,469 புது வீடுகளும் அறிவிக்கப்பட்டதற்கும், அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்றானதற்கும் பின்னே அந்த நடையும் இருக்கிறது. அதைக் குடிமை வாழ்வு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? கோத்தகிரியில் ஒரு கடவுச்சீட்டு நகல், வவுனியாவில் ஒரு சான்றிதழ், பவானிசாகரில் ஓர் அட்டவணை என்று மூன்று இடத்து உறவினர் சேர்ந்து ஒருவரை அவருடைய உரிமையில் உட்கார வைப்பதும் அதே வகைதான்.

இனி 2009இல் பிறந்த பையன். 5ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, சிறப்புச் சூழல் இருந்தால் எந்தச் சிறுவரையும் குடிமகனாகப் பதிய ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த உட்பிரிவில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற தடைச் சொல் இல்லை. தவிரவும், இங்கேயே பிறந்த பிள்ளையை 'நுழைந்தவர்' என்று சொல்ல முடியாது என்ற வாதமும் வலுவானது. தாயின் பிறப்புச் சான்றிதழ், அக்காளின் பிறப்புச் சான்றிதழ், பையனின் சான்றிதழ், பள்ளிச் சான்று, முகாம் பதிவு, ஒரே வீட்டில் மூவரின் நிலை எப்படி வேறுபடுகிறது என்று விளக்கும் மனு: இவ்வளவும் ஆட்சியர் வழியாகப் போக வேண்டும். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் இல்லாமல் மாதங்கள் ஓடினால், பரிசீலிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றம் போக அந்த ஒப்புகைதான் ஆதாரம். பையனுக்கு 2027 மார்ச்சில் 18 நிறைகிறது. அதற்குப் பிறகு இந்த உட்பிரிவு அவனுக்கு உதவாது. தாத்தாவின் கண்டித் தாளுக்குக் காத்திருக்காமல், குடும்பக் கோப்பிலிருந்து முதலில் வெளியே போக வேண்டிய விண்ணப்பம் இதுதான்.